முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: எக்ஸ்ரேயைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

68 வயதான தந்தைக்கு முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டதாகவும், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் அறுவை சிகிச்சையைத் தவிர்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன்; என் அம்மாவுக்காக இதே கேள்வியுடன் சில மாதங்கள் அலைந்தவன்.

தரையில் உட்கார்ந்தால் கையூன்றி, கட்டில் காலைப் பற்றி, "முருகா" என்று சொல்லித்தான் அம்மா எழுந்திருப்பார். முதலில் நாங்கள் சென்ற ஒரு தனியார் மையத்தில், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, அன்றைக்கே மூட்டில் செலுத்திவிடுவோம், ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும் என்றார்கள். ஒரு காலுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். நான் கொண்டுபோன எக்ஸ்ரே உறையை அங்கே யாரும் பிரிக்கவே இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் அது தானாக ஆறுவதில்லை. ஊசியில் செல்லும் செல்கள் அங்கே ஒட்டிப் புதுக் குருத்தெலும்பாக மாறும் என்ற நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. இவ்வகைச் செல்களுக்கு 1991இல் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் சூட்டிய அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லனே, அவை வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரப்பதன் மூலமே பெரிதும் வேலை செய்கின்றன என்பதால் 'ஸ்டெம்' என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த செல்களை வழக்கமான ஸ்டீராய்டு ஊசியுடன் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை.

ஆனால் எல்லாமே ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. பெங்களூரு நிறுவனம் ஒன்று, கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்துத் தயாரிக்கும் ஸ்டெம்ப்யூசெல் என்ற மருந்துக்கு 2022இல் முழங்கால் தேய்மானத்துக்கான அரசு அனுமதி கிடைத்தது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள்; நான்காம் நிலையே மிக முற்றியது. இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானம் உள்ள 146 பேரிடம் அதைச் சோதித்தபோது ஓராண்டில் வலியும் விறைப்பும் குறைந்தன. எலும்போடு எலும்பு உரசும் நான்காம் நிலையினர் அச்சோதனையில் இல்லை. அன்றைக்கே மஜ்ஜை எடுத்துச் சுழற்றிச் செலுத்துவது முற்றிலும் வேறு சரக்கு. அதில் ஸ்டெம் செல்களின் பங்கு மிகச் சொற்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும், நிரூபிக்கப்படாத இத்தகைய சிகிச்சையை ஆய்வாகவே நடத்த வேண்டும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்கின்றன.

பிறகு வேறொரு எலும்பு மருத்துவர் அம்மாவின் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, வலது முழங்காலின் உட்புறத்தில் இடைவெளியே இல்லாததைப் பேனா முனையால் காட்டினார். அது நான்காம் நிலை. அந்தக் காலுக்கு மாற்று மூட்டு வைத்தோம். இடது காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சியும், ஆறு கிலோ எடைக் குறைப்புமே இதுவரை போதுமானதாக இருக்கின்றன.

தந்தையை நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் அவருக்கு எந்த நிலை என்று கேட்டறியுங்கள். இரண்டு அல்லது மூன்று என்றால், அனுமதி பெற்ற மருந்தைப் பற்றி, வலி குறையும் என்ற அளவு எதிர்பார்ப்புடன், மருத்துவரிடம் பேசலாம். அவருக்கு இருப்பது தேய்மானம் அல்ல, முடக்குவாதம் (உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றால் இந்த ஊசிப் பேச்சே வேண்டாம். நேராக வாத நோய் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.