ரூபிக்ஸ் கியூபை ஒன்றரை நிமிடத்தில் முடிக்கிறேன், வேகம் கூட்டுவது எப்படி? கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்ந்து பழக ஆட்கள் கிடைப்பார்களா?

பிளஸ் ஒன் படிக்கிறீர்கள், தக்கலை பக்கம் வீடு, யூடியூப் பார்த்து அடுக்கு அடுக்காக முடிக்கக் கற்றுக்கொண்டீர்கள், நேரம் மேற்கொண்டு இறங்கவில்லை, பேசவும் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வேகமாக முடிப்பவர்கள் பலரும் பின்பற்றும் சிஎஃப்ஓபி என்ற முறையில் ஒரு கியூபை முடிக்கச் சுமார் 60 திருப்பல்கள் ஆகும். நொடிக்கு மூன்று திருப்பினால் 20 நொடி. நொடிக்கு மூன்று பெரிய வேகமே இல்லை, உங்கள் விரல்களால் இன்றைக்கே முடியும். அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது? கை நின்றுவிடுகிறது. அடுத்த துண்டைக் கண் தேடும் வரை கை காத்திருக்கிறது. அந்த நிற்றலை நாம் உணர மாட்டோம், மும்முரமாக வேலை செய்வது போலவே இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். நாங்கள் சேர்ந்து கியூப் பழகும் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். கல்லூரிப் பையன் ஒருவனைப் பார்த்து, "அண்ணா, ஒவ்வொரு ஜோடி முடிஞ்சதும் நிக்கீங்களே, ஏன்?" என்று கேட்டாள். ஜோடி என்றால் ஒன்றாகச் சேர்த்து உள்ளே போடும் ஒரு மூலைத்துண்டும் ஓரத்துண்டும். அதுவரை விரல் வேகத்துக்காகவே பயிற்சி எடுத்தவன், அன்றோடு பயிற்சியை மாற்றினான்.

நீங்கள் இப்போது செய்வது பெரும்பாலும் தொடக்க முறை. அதில் திருப்பல்கள் நூறைத் தாண்டும், ஆகவே சிஎஃப்ஓபிக்கு மாறுங்கள். அடியில் சிலுவை (நடு நிறத்தைச் சுற்றி நான்கு ஓரத்துண்டுகள்), பிறகு முதல் இரண்டு அடுக்குகளையும் சேர்த்து நான்கு ஜோடிகள், கடைசி அடுக்கில் மேல் நிறம், அப்புறம் துண்டுகளை இடம் மாற்றுவது. இந்த முறையைப் பரவலாக்கியவர் ஜெசிகா ஃப்ரிட்ரிச்.

சிலுவையில்தான் அதிகம் பேருக்குப் பொறுமை இல்லை. எப்படிக் கலைத்தாலும் சிலுவையை எட்டு திருப்பல்களுக்குள் போட்டுவிடலாம். போட்டியில் தொடங்குமுன் கியூபைப் பார்க்க 15 நொடி தருவார்கள். எனவே இப்படிப் பழகுங்கள்: பார்த்து, முழுச் சிலுவையையும் மனத்தில் ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். வெள்ளை அடியில் இருக்கட்டும். மேலே வைத்துப் போட்டுவிட்டுக் கவிழ்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கவிழ்க்கும் நேரத்தில் முதல் ஜோடியே கிடைத்துவிடும்.

ஜோடிகளுக்கு அல்காரிதம், அதாவது திருப்பல் வரிசை, மனப்பாடம் வேண்டாம். மூலைத்துண்டும் ஓரத்துண்டும் எப்படிச் சேர்ந்து உள்ளே போகின்றன என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். பிறகு டைமரை அணைத்துவிட்டு, வேண்டுமென்றே மெதுவாக, ஆனால் ஓரிடத்திலும் நிற்காமல் முடிக்கப் பழகுங்கள். கை ஒரு ஜோடியை உள்ளே தள்ளும்போதே கண் அடுத்ததைத் தேட வேண்டும். சலிப்பான பயிற்சிதான். ஆனால் இதைப்போல நேரத்தைக் குறைக்கும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நின்ற இடங்கள் தெரியும். நண்பர் ஒருவர் பார்த்தால் இன்னும் நல்லது.

கடைசி அடுக்குக்கு இப்போதைக்கு 16 அல்காரிதம் போதும்: நிறத்துக்கு 10, இடம் மாற்ற 6. அவை கையில் ஏறிய பின் இடம் மாற்றுவதற்கான முழுத் தொகுப்பு, பிஎல்எல் 21 முழுவதும். மேல் நிறத்துக்கான முழுத் தொகுப்பான ஓஎல்எல் 57-ஐ இப்போது தொடவே வேண்டாம், 25 நொடிக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காந்தம் வைத்த ஸ்பீட் கியூப் ஒன்று அவசியம். விலை உயர்ந்தது வேண்டாம், மோயூ போன்ற நிறுவனங்களின் குறைந்த விலை கியூபே தாராளம். இறுகினால் கியூபுக்கென்று விற்கும் சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள். நம்மூரில் எல்லார் வீட்டிலும் தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தூசி பிடித்துப் பிசுபிசுத்துப் போகும்.

சரி, ஆட்கள். நாகர்கோவில் மார்த்தாண்டம் பேருந்தில் உட்கார்ந்து கியூபை எடுத்துப் பாருங்கள், தக்கலை வருவதற்குள் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். "என் தம்பியும் செய்வான்" என்று ஒருவராவது சொல்வார். அந்தத் தம்பிதான் உங்களுக்கு வேண்டிய ஆள். பள்ளியிலும் அப்படித்தான், பையில் கியூபை ஒளித்து வைத்திருப்பவர்கள் நீங்கள் எடுத்தால் தாங்களும் எடுப்பார்கள். எங்கள் கூட்டமும் இப்படிச் சேர்ந்ததுதான். சில ஞாயிறு மாலைகளில் நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவில் உட்காருவோம். ஒருவர் கலைத்துக் கொடுக்க மற்றவர் முடிப்பார். போட்டி போடுவதை விட ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதில்தான் நேரம் போகும்.

அதன் பிறகு ஒரு முறையாவது உண்மையான போட்டிக்குப் போக வேண்டும். கியூப் போட்டிகளுக்கான உலக அமைப்பு வேர்ல்ட் கியூப் அசோசியேஷன், அதன் இணையதளத்தில் வரப்போகும் போட்டிகள் எல்லாம் இருக்கும். சென்னைப் போட்டிக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம் வேண்டும், நமக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம், ஆகவே கேரளப் பட்டியலையும் பாருங்கள். வேகம் போதுமா என்று தயங்க வேண்டாம், ஒன்றரை நிமிடக்காரர்களும் சாதாரணமாகக் கலந்துகொள்ளலாம். ஐந்து முறை முடிக்க வேண்டும், மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் நீக்கிவிட்டு நடு மூன்றின் சராசரியை எடுப்பார்கள். பார்க்கும் நேரத்தில் 8 நொடியிலும் 12 நொடியிலும் நடுவர் குரல் கொடுப்பார். அந்த நடுவர் பெரும்பாலும் உங்களைப் போல ஒரு போட்டியாளர்தான், உங்களையும் அந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். கட்டாயம் போய் உட்காருங்கள். நல்ல கை ஓடுவதை அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்க வேறு எங்கே கிடைக்கும்?

1982-ல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் (Minh Thai) என்பவர் வென்ற நேரம் 22.95 நொடி. 2023-ல் மேக்ஸ் பார்க் 3.13-ல் முடித்தார். 3.13 உங்களுக்கும் எனக்கும் தூரம். அந்த 22.95 உங்களுக்குத் தூரமில்லை, உறுதியாகச் சொல்கிறேன்.

பூங்காவுக்கு வருவதாக இருந்தால் முதல் முறை அப்பாவையோ அக்காவையோ கூட்டி வாருங்கள். திருவனந்தபுரத்தில் போட்டி அறிவித்தால் நாங்கள் ரயிலில் சேர்ந்துதான் போவோம். பதிவு திறந்ததும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் வீட்டில் இப்போதே கேட்டு வையுங்கள். முதல் போட்டிக்கு அடையாள அட்டை கேட்பார்கள், ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள்.