தடுப்பூசி ஆய்வுக்குப் போக விரும்பும் மகள்: ஒரு தந்தையின் கேள்விகளுக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் பிளஸ் டூவில் கணிதம்-உயிரியல் பிரிவில் படிப்பதாகவும், வைரஸ் நோய்களுக்கு மருந்தும் தடுப்பூசியும் உருவாக்கும் துறைக்கே போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவப் பட்டம் இல்லாமல் அந்தத் துறையில் மதிப்பு உண்டா, படித்து முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும், நோய்க்கிருமிகளோடு பழகுவது ஆபத்தில்லையா என்பவை தங்கள் கேள்விகள். மருத்துவப் பட்டம் இல்லாமலே இத்துறையின் உச்சியை அடைய முடியும் என்பதே என் முதல் பதில். ஆனால் பதினேழு வயதில் ‘வைராலஜி’ (வைரஸ் இயல்) என்ற பெயர் தாங்கிய இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். இளநிலையில் ஓர் அடிப்படை அறிவியலை ஆழமாகக் கற்று, முதுநிலையில் வைரஸின் பக்கம் திரும்புவதே உறுதியான வழி.

அதற்கான காரணத்தை மருந்துகளின் வரலாறே சொல்கிறது. வைரஸ் தனித்து வாழ்வதில்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அந்த உயிரணுவின் உள்ளமைப்பையே கொண்டு தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே அதைத் தாக்கும் பொருள் நம் உயிரணுவையும் தாக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இத்துறையின் பெருஞ்சிக்கல். அக்கி, சின்னம்மை ஆகியவற்றுக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதித் தரும் அசைக்ளோவிர் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. மாத்திரையாக உள்ளே போகும்போது அது செயலற்ற பொருள். வைரஸ் தனக்கென உண்டாக்கும் ஒரு நொதிதான் அதைச் செயல்படத் தூண்டுகிறது. அதனால் வைரஸ் புகாத உயிரணுக்களில் அது பெரும்பாலும் அமைதியாகவே இருந்துவிடுகிறது. இந்த மருந்துக்குப் பின்னால் இருந்த குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் மருத்துவர் அல்லர், வேதியியலாளர். முதுநிலைப் பட்டத்தோடு பணியில் சேர்ந்த அவர் முறையாக முனைவர் பட்ட ஆய்வை முடிக்காமலே 1988-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எச்.ஐ.வி.க்கு 1987-இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான சிடோவுடினும் 1964-இல் புற்றுநோய்க்காக ஒரு வேதியியல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, அங்கே பயன்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மூலக்கூறுதான். மருந்துப் பக்கம் போக விரும்பும் பிள்ளை கரிம வேதியியலைக் கண்டு அஞ்சக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தடுப்பூசியின் பாதை வேறு. அதில் ஈடுபடுவோரும் பலர். நம் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குச் சொட்டாகத் தரப்படும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்துகளில் ஒன்றான ரோட்டாவேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூலமான வைரஸ் 1980-களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தொற்று ஏற்பட்டும் அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை என்பதை ஒருவர் கூர்ந்து கவனித்ததே தொடக்கம். பின்னர் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்தது. வேலூரில் அந்தப் பொறுப்பை ஏற்றது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டாவேக் சேர்ந்தது 2016-இல். இந்த நீண்ட காலத்தில் வைரஸ் ஆய்வாளர்களும் குழந்தை மருத்துவர்களும் மட்டும் உழைக்கவில்லை. வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் விளக்கி ஒப்புதல் பெற்ற களப்பணியாளர்கள், எத்தனை குழந்தைகளைச் சேர்த்தால் முடிவை நம்பலாம் என்று கணக்கிட்ட புள்ளியியலாளர்கள், தொழிற்சாலையில் வைரஸை வளர்த்த உயிரித்தொழில்நுட்பப் பொறியாளர்கள், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியின் தூய்மையையும் திறனையும் சோதித்த தரக்கட்டுப்பாட்டு அலுவலர்கள் என ஒரு பெருங்கூட்டமே அதில் இருந்தது. ‘வேலை இருக்கிறதா’ என்ற தங்கள் கேள்விக்கு இந்தக் கூட்டத்தில்தான் விடை இருக்கிறது. கண்டுபிடிப்பாளர் இருக்கை ஒன்றை மட்டும் குறிவைத்தால் வாய்ப்புகள் குறைவு, முழு அணியையும் பார்த்தால் இடங்கள் பல.

புள்ளியியலைப் பற்றி ஒரு சொல். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் அனைவரும் அறிந்தது. அந்தக் குடும்பத்துச் செடி ஒன்றைக் கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) வைரஸைச் சுமப்போருக்குக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வாளர்கள், நம்பிக்கையூட்டும் முடிவை 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூச் பிளம்பெர்க்கும் அவர்களோடு இருந்தார். பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஒரு பொருள் உண்மையில் வேலை செய்கிறதா, தற்செயலாக அப்படித் தோன்றுகிறதா என்று பிரித்தறியும் பயிற்சி உள்ளவருக்கு இத்துறையில் என்றும் மதிப்புண்டு. தங்கள் மகளிடம் கணிதம் இருக்கிறது. கல்லூரியில் அதைக் கைவிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் படிப்புகளுக்கு வருகிறேன். பி.எஸ்சி. வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகிய எதுவாயினும், நல்ல ஆய்வகம் உள்ள கல்லூரியில் படிப்பது முதல் வழி. ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) எனப்படும் நிறுவனங்களின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு அவர்களே நடத்தும் தகுதித் தேர்வை எழுத வேண்டும்; இளநிலையிலேயே ஆய்வகத்தில் நேரம் செலவிட விரும்பும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அரிது. பொறியியல் கலந்தாய்வு வழியாக அண்ணா பல்கலைக்கழகத்தில் தொழிலக உயிரித்தொழில்நுட்பம் படிக்கலாம். தடுப்பூசி உற்பத்தியில் ஆர்வம் இருந்தால் அது நேரான பாதை. மருந்தாக்கவியல், அதாவது பி.பார்ம்., தொழிற்சாலைக்கும் மருந்து ஒழுங்குமுறைப் பணிகளுக்கும் கதவு திறக்கும். இவற்றுக்கு நீட் தேவையில்லை.

பெற்றோர் பலர் எண்ணிப் பார்க்காத வழி ஒன்று உண்டு. நான் அதைத் தனியாகப் பரிந்துரைப்பது வழக்கம். கால்நடை மருத்துவம் படித்தவர்கள் வைரஸ் ஆய்வில் ஆழமாக வேரூன்றியவர்கள். மனிதரைத் தாக்கும் புதிய வைரஸ்களில் பெரும்பாலானவை விலங்குகளிடமிருந்தே வருகின்றன. மருந்துகளை மனிதருக்கு முன் விலங்குகளிடம் சோதிக்கும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்ட ஒரே வைரஸ் நோய் மாடுகளின் வெக்கை நோய்தான். அதை ஒழித்தது கால்நடைத் தடுப்பூசி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் நிரப்பி வந்திருக்கிறது என்பதால், நீட்டைப் பற்றிய கவலை உள்ள வீட்டில் இந்த வழியை அவசியம் பேச வேண்டும்.

முதுநிலையில் புனேவிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனமும், நமக்கு அருகில் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் வைராலஜிக்கெனவே எம்.எஸ்சி. நடத்துகின்றன. அதன் பிறகு முனைவர் பட்டம். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும், விதிகளின்படி வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். தங்கள் மகள் படிப்பை முடிக்கும்போது இருபத்தெட்டு வயதை எட்டியிருப்பார் என்பதை வீட்டில் எல்லோரும் இப்போதே தெரிந்துவைத்திருப்பது நல்லது. இடையில் ‘இன்னும் படிப்பா’ என்ற கேள்வி உறவினரிடமிருந்து வரும்போது அவருக்குத் துணை நிற்க வேண்டியவர் தாங்கள். முனைவர் பட்டம் வேண்டாம் என்று பின்னர் முடிவெடுத்தாலும் தரக்கட்டுப்பாடு, மருத்துவப் பரிசோதனை ஒருங்கிணைப்பு, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகிய பணிகளுக்கு முதுநிலைப் பட்டம் போதும். தொடக்க ஊதியம் மென்பொருள் துறையோடு ஒப்பிடத்தக்கதாக இராது. அதை மறைத்து அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆபத்தைப் பற்றிய அச்சம் இயல்பானது. வைரஸ் ஆய்வகங்கள் கிருமியின் தன்மைக்கேற்ப நான்கு உயிரிப்பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நிபா போன்றவற்றைக் கையாளும் நான்காம் நிலை ஆய்வகம் புனேவில் உள்ளது. நீண்ட பயிற்சி பெற்றவர்களே அதற்குள் செல்ல முடியும். மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நிலையில் பணியாற்றுவார்கள். நோய் உண்டாக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட போலி வைரஸ்களைக் கொண்டும், வைரஸின் ஒரே ஒரு புரதத்தைக் கொண்டும், கணினியில் மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்தும் நடக்கும் ஆய்வுகள் இன்று ஏராளம்.

இவை எல்லாவற்றையும்விட, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது முக்கியமானது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடும்படி பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னார். அப்படியொன்று இங்கே இராது என்று பலர் நம்பிய காலம் அது. வசதிகள் குறைவாக இருந்ததால் சேகரித்த மாதிரிகளை நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். வேலூரில் சோதித்தபோது நாட்டின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. ஒரு முதுநிலை ஆய்வேடு நாட்டின் நலவாழ்வுக் கொள்கையையே அசைத்தது. சரியான கேள்வியைக் கையில் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் மாணவரின் ஆண்டுகள் வீணாவதில்லை.

ஆகவே கல்லூரிகளைப் பார்க்கச் செல்லும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, உயிரணு வளர்ப்பு ஆய்வகம் இருக்கிறதா, இளநிலை மாணவர்கள் அதில் தம் கையால் வேலை செய்கிறார்களா, ஆசிரியர்கள் அண்மையில் என்ன ஆய்வு வெளியிட்டார்கள், முந்தைய மாணவர்கள் எந்த நிறுவனங்களில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். கேள்விகளைத் தங்கள் மகளே கேட்கட்டும். ஐசர் தேர்வுக்கு மட்டும் பொதுத்தேர்வு முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம், அதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிடக்கூடும். பிப்ரவரி முதலே அதன் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.