முருங்கைப் போத்தும் ஹைட்ராவும்

கேள்வி: ஐயா, முருங்கை மரத்தையும் குளத்து ஹைட்ராவையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்? ஒன்று மரம், மற்றது ஏதோ பூச்சி.

பதில்: பூச்சி இல்லை, ஜெல்லிமீனுக்குச் சொந்தம். ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆள். முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் தனி மரம். ஹைட்ராவைக் குறுக்கே வெட்டினால் இரண்டு ஹைட்ரா. இதில்தான் ஆபிரகாம் டிரெம்ளி என்ற இயற்கை ஆய்வாளர் குழம்பிப்போனார். 1740-ல் ஹாலந்தில் இருந்தபோது, பச்சையாக ஒரு சிற்றுயிரைப் பார்த்தார். செடியா, விலங்கா? வெட்டினால் தெரிந்துவிடும் என்று நினைத்தார், துளிர்த்தால் செடி. இரண்டு துண்டும் முழு உயிராகிவிட்டன! ஆனால் அது நகர்ந்தது, இரை பிடித்து விழுங்கியது. கடைசியில் விலங்கு என்றே முடிவு செய்தார்.

கேள்வி: பச்சையாக இருந்ததே?

பதில்: அது உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம். எல்லா ஹைட்ராவும் பச்சை இல்லை.

கேள்வி: போத்தைத் தலைகீழாக நட்டால் சரியாக வராது. ஹைட்ராவுக்கும் தலை, கால் தெரியுமா?

பதில்: நல்ல கேள்வி. போத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியிலிருந்து அடியை நோக்கி இறங்கும். அது சேருமிடத்தில் வேர் பிடிக்கும். ஹைட்ராவின் நடுத்துண்டிலும் வாய்ப்பக்கம் இருந்த முனையில்தான் தலை வரும், மறுமுனையில் பாதம். 1909-ல் எத்தல் பிரவுன் என்ற உயிரியலாளர் வாய்ப் பகுதியின் ஒரு துணுக்கை வேறொரு ஹைட்ராவின் உடலில் ஒட்டினார். அங்கே இன்னொரு தலையோடு புது உடலே கிளம்பியது. எனக்கு இது டிரெம்ளியின் சோதனையைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் வளரும் விதம் வேறு. போத்து பழைய கட்டையை அப்படியே வைத்துக்கொண்டு புது வேரும் தளிரும் சேர்க்கிறது. சுவருக்குள் அடைபட்ட செல் இடம் மாறாது. ஹைட்ராத் துண்டோ இருக்கிற செல்களையே மாற்றியமைத்துக் குட்டியாக ஒரு முழு உடம்பாகிவிடும். தின்று பெரிதாவதெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஹைட்ராவுக்குச் சாவே இல்லையாமே?

பதில்: மீன் தின்றால் போயிற்று! மூப்பு தெரியவில்லை என்று சொன்னால் சரி. டேனியல் மார்ட்டினெஸ் என்ற உயிரியலாளர் நான்கு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, 1998-ல் அப்படித்தான் எழுதினார். எல்லா இனமும் அப்படியல்ல. ஒலிகாக்டிஸ் என்ற இனம் குளிரில் முட்டையும் விந்தணுவும் உண்டாக்கியபின் தளர்ந்து இறக்கும்.

கேள்வி: ஹைட்ரா மொட்டு விடும் என்று படித்தோம். பூக்குமா?

பதில்: பெயர்தான் மொட்டு. அது குட்டி ஹைட்ரா. சில நாளில் தாயை விட்டுப் பிரிந்துபோய்விடும்.