பச்சைக் கோட்டு வேண்டாம், பழைய ஷூ போதும்

கேள்வி: அட்லாண்டாவில் வேலை பார்க்கும் மகன், வரும் ஏப்ரலில் அகஸ்டா மாஸ்டர்ஸ் கோல்ஃப் பார்க்க எங்களை அழைத்திருக்கிறான். போட்டிக்கு முந்தைய பயிற்சி நாள் ஒன்றுக்கு மூன்று டிக்கெட் குலுக்கலில் விழுந்ததாம். எனக்கு வயது 67. கோல்ஃபை டிவியில்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பெரிய மனிதர்கள் கூடும் இடம், கோட்டு தைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மைத்துனர். காலர் வைத்த டி-ஷர்ட் போதும் என்கிறான் மகன். மனைவி சேலை தவிர வேறு உடுத்த மாட்டாள். எதைக் கேட்பது?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஸ்ரீரங்கம்

ஐயா, தையற்காரரிடம் துணி கொடுத்துவிட்டீர்களா? வெட்டுவதற்குள் திரும்ப வாங்கிவிடுங்கள். உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அதிலும் ஒரு திருத்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் ஒன்பது வருடம் அகஸ்டாவில் குடியிருந்தவள். வாஷிங்டன் ரோட்டில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் போட்டி நடக்கும் கோல்ஃப் கிளப்பின் உயரமான வேலியைத்தான் பார்ப்பேன். உள்ளே ஒரு புல்கூடத் தெரியாது. மாஸ்டர்ஸ் வாரம் வந்தால் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பலர் வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். நாங்கள் போகவில்லை. இரண்டு முறை எங்களுக்கும் பயிற்சி நாள் டிக்கெட் விழுந்தது.

முதல் முறை நானும் உங்கள் மைத்துனர் மாதிரிதான் யோசித்தேன். சந்தன நிறப் பட்டுச் சுடிதார், அதற்குப் பொருத்தமாகப் புதிதாக வாங்கிய குதிகால் செருப்பு, இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போலத்தான் கிளம்பினேன். வாசலைத் தாண்டிப் புல்லில் கால் வைத்ததும் இரண்டு குதிகாலும் மண்ணில் இறங்கின. காலைப் பனியில் சுடிதாரின் அடி ஒரு சாண் நனைந்தது.

டிவியில் அந்த மைதானம் தட்டையாகத் தெரியும். நேரில் அது ஒரு மலைச்சரிவு. பத்தாவது குழிக்குப் பந்தை அடிக்கும் இடத்திலிருந்து கீழே பார்த்தால் சுமார் 100 அடி இறக்கம். இறங்கியவர்கள் திரும்ப ஏறியாக வேண்டும் அல்லவா? நான் நடுப்பகலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு கால்களிலும் கொப்புளம். அக்கம்பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் காலில் என்ன என்று அப்போதுதான் பார்த்தேன்: முக்கால்வாசிப் பேர் போட்டிருந்தது நன்றாகப் பழகிய, அழுக்கான ஷூ.

அதனால் முதலில் ஷூ, பிறகுதான் சட்டை. இருவரும் இப்போதே ஆளுக்கு ஒரு ஜோடி நடைப்பயிற்சி ஷூ வாங்கி, ஏப்ரல் வரை தினமும் அதைப் போட்டுக்கொண்டு கொள்ளிடக் கரையில் நடந்து பழக்குங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் நின்ற கால்களுக்கு நேரம் பெரிதில்லை. மேடும் பள்ளமும்தான் புதிது.

இனி கோட்டு. கோட்டு போட்டுப் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள், வெயிலில் நீங்களே கழற்றிவிடுவீர்கள். ஆனால் பச்சை மட்டும் வேண்டாம். அங்கே பச்சைக் கோட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. கூட்டத்தில் யாரிடம் விவரம் கேட்பது என்று வந்தவர்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக 1937-இல் கிளப் உறுப்பினர்கள் அதைப் போட ஆரம்பித்தார்கள். ஜெயித்தவருக்கு அதை அணிவிக்கும் வழக்கம் 1949-இல், சாம் ஸ்னீட் வென்றபோது வந்தது. ஜெயித்தவரும் அதை ஒரு வருடம்தான் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அப்புறம் அது கிளப்பிலேயே இருக்க வேண்டும். நீங்கள் பச்சைக் கோட்டில் போய் நின்றால் கழிப்பறைக்கு வழி கேட்டு நாலு பேர் வருவார்கள்!

அதே போல, மேலிருந்து கீழ்வரை வெள்ளையும் வேண்டாம். வீரர்களின் பையைச் சுமக்கும் கேடிகளுக்கு அங்கே முழு வெள்ளைச் சீருடை. முந்தைய வருடம் ஜெயித்தவரின் கேடிக்கு 1 என்ற எண் பொறித்திருக்கும்.

மகன் சொன்னதில் திருத்தம் என்றேனே, அது நிறம் பற்றியது. பார்வையாளருக்குக் காலர் கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை. கழுத்தின் பின்பக்கம் வெயில் படாமல் இருக்கக் காலர் நல்லது, அவ்வளவுதான். ஆனால் கடையில் கோல்ஃப் சட்டை கேட்டால் கரும்பச்சையையும் கருநீலத்தையும்தான் எடுத்துப் போடுவார்கள். அதை வாங்காதீர்கள். என் கணவர் அன்றைக்குக் கரும்பச்சை டி-ஷர்ட். பதினாறாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. பயிற்சி நாட்களில் வீரர்கள் பந்தைத் தண்ணீர் மேல் தவ்வவிட்டு அக்கரைக்கு அனுப்புவார்கள், நாம் சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லை ஏரியில் எறிவோமே, அப்படி. கூட்டம் கத்திக் கேட்கும். அதைப் பார்க்கப் போனவர் போனவர்தான். அங்கே கைபேசி அறவே கூடாது. பிடிபட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள், டிக்கெட்டும் போகும். இலவசமாகப் பேசத் தொலைபேசி வைத்திருக்கிறார்கள், சரி. அவர் கையிலும் போன் இல்லாதபோது நான் யாரைக் கூப்பிட? கரும்பச்சை டி-ஷர்ட் போட்ட ஆயிரம் ஆண்களுக்கு நடுவில் ஒருவரை ஒன்றரை மணி நேரம் தேடினேன்.

அடுத்த முறை அவருக்கு ஆரஞ்சு டி-ஷர்ட், எனக்கு மாம்பழ மஞ்சள் குர்தா. பெரிய ஸ்கோர்போர்டுக்குக் கீழே இத்தனை மணிக்கு என்று முன்பே பேசிவைத்துக்கொண்டோம். அதற்குக் கைக்கடிகாரம் வேண்டும் பாருங்கள். வங்கியில் இருந்தவர், பழைய கடிகாரம் ஒன்று பெட்டியில் கிடக்கும். அதைச் சாவி கொடுத்தோ பேட்டரி மாற்றியோ எடுத்து வையுங்கள்.

அம்மாவின் சேலைக்கு வருவோம். தாராளமாகக் கட்டலாம். ஆனால் பட்டு வேண்டாம், கஞ்சி போட்ட பருத்தியும் வேண்டாம். பனியில் நனைந்தால் கஞ்சி கரைந்து காலைச் சுற்றும். சீக்கிரம் உலரும் சின்தெடிக் சேலை, கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் தூக்கி, கொசுவத்துக்கும் முந்தானைக்கும் ஊக்கு. கீழே சாக்ஸும் ஷூவும். சேலைக்கு ஷூவா என்று அம்மா முகம் சுளித்தால் என் கொப்புளக் கதையைப் படித்துக் காட்டுங்கள். நிறம் பளிச்சென்று இருக்கட்டும், உங்களுக்குத்தான் வசதி.

கண்ணாடி வளையலை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வீரர் பந்தை அடிக்கத் தயாரானதும் அத்தனை கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் நான் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினேன். கலகலவென்று ஒரு சத்தம். வீரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் முன்னால் நின்ற ஒரு பாட்டி திரும்பி என் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டை மட்டும் பார்த்தார். அன்று சாயங்காலம் வரை வலது கை வளையலை இடது கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். கொலுசு, சரசரக்கும் பிளாஸ்டிக் பை, பர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டை வைத்த கைப்பை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

காலையில் பத்து டிகிரி வரை குளிரும், மதியம் 25 தொட்டுவிடும். ஒரே கனமான ஸ்வெட்டர் போட்டால் மதியம் அது சுமை. மெல்லியதாக இரண்டு போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பைன் மர மகரந்தம் மஞ்சள் பொடியாகக் கொட்டும் மாதம் அது, தும்மல் வருபவர் என்றால் பெரிய கைக்குட்டை அவசியம். குடை கொண்டுபோகலாம். 2025-இல் திங்கட்கிழமைப் பயிற்சியின்போது இடிமழை வந்து முற்பகலிலேயே எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள், ஆகவே மழைச் சட்டையும் பையில் இருக்கட்டும். அந்தப் பை சின்னதாக இருக்க வேண்டும்: 10 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்கு மேல் போகக்கூடாது. பயிற்சி நாளில் கேமரா அனுமதி உண்டு, போட்டி நாட்களில் அதுவும் கிடையாது.

கேட்காத ஒன்று: சீஸோடு காரமில்லாத சிவப்பு மிளகாய் கலந்த பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சை ஒன்றரை டாலருக்கு விற்பார்கள். கறி கிடையாது. ஆனால் அதில் சேரும் மயோனைஸில் முட்டை உண்டு, அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: செந்தோசாவில் நடக்கும் பெண்கள் கோல்ஃப் போட்டிக்கு அலுவலகத்தில் டிக்கெட் கொடுத்தார்கள். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆடுபவர்கள் மாதிரி குட்டைப் பாவாடையும் வைசரும் போட்டால் வேஷம் போட்டது போல இருக்குமா?
- 26 வயது வாசகி, சிங்கப்பூர்

போட்டுக்கொள்ளம்மா, கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருமா மட்டை பிடிக்கத் தெரிந்தவர்கள்? 2017-இல் பெண்கள் கோல்ஃப் சங்கமான எல்.பி.ஜி.ஏ., கழுத்து ரொம்ப இறங்கிய சட்டைக்கும் ரொம்பக் குட்டையான பாவாடைக்கும் தடை போட்டது, மீறினால் 1000 டாலர் அபராதம் என்றது. அதைப் படித்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். அது ஆடுகிறவர்களுக்கு, உனக்கு அல்ல. உனக்கு வரக்கூடிய கட்டுப்பாடு வேறு: அலுவலகம் கொடுத்தது விருந்தினர் கூடாரத்துக்கான டிக்கெட் என்றால் அதிலேயே ஆடை பற்றி ஒரு வரி இருக்கும். ஜீன்ஸ் கூடுமா என்று அதில் பார்த்துக்கொள்.

வைசர் விஷயத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. அது நெற்றியை மறைக்கும், உச்சியைத் திறந்துவிடும். நடு வகிடு எடுப்பவளாக இருந்தால் சாயங்காலம் சீப்பு வைக்க முடியாது. அகல விளிம்புத் தொப்பி வாங்கு. சைரன் ஊதினால் மின்னல் என்று அர்த்தம். குடையை விரித்துக்கொண்டு மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடு.

கேள்வி: 2026 ஜூலையில் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேலில் ஓப்பன் கோல்ஃப் போட்டி பார்க்கப் போகிறோம். கோடைதானே, அரைக்கால் சட்டையோடு போனால் மரியாதைக் குறைவா?
- வாசகர், லண்டன் ஹாரோ

மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, குளிருக்குத்தான் குறைவு. போட்டியில் வீரர்கள் முழுக்கால் சட்டை போட்டாக வேண்டும், பார்ப்பவர்களுக்கு அந்த விதி இல்லை. ஆனால் அது கடலோர மணல்மேடு. 2002 ஜூலையில் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் ஒரு சனிக்கிழமை மதியம் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில், அந்த வருடம் மாஸ்டர்ஸையும் யு.எஸ். ஓப்பனையும் வென்றிருந்த டைகர் வுட்ஸ் 81 அடித்துவிட்டுப் போனார். மறுநாள் அதே மைதானத்தில் 65. கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது. ஊர் வேறு, கடல் வேறு, ஜூலை அதே ஜூலைதான். அந்தக் காற்றில் குடை மடங்கித் திரும்பிவிடும், தலைமூடி வைத்த மழைச் சட்டைதான் நிற்கும். அரைக்கால் சட்டை போட்டே தீருவீர்கள் என்றால் மேலே போட்டுக்கொள்ள ஒரு மழைக் கால்சட்டையும், காரில் உலர்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி உங்களுக்கு. இன்னொன்று, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும் நண்பருக்கு.