நாம் கிளம்பிய பிறகு டிரெஸ்ஸிங் மாற்றுவது யார்? வெளிநாட்டு மருத்துவ முகாம்: கேள்வி பதில்

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வேலைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. வெளிநாடுகளில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களுக்குத் தன்னார்வலராக ஆறு முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை போகாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கடைசி வருட மருத்துவ மாணவர்: அக்கா, இங்கே எங்களை ஓரமாக நின்று பார்க்கத்தான் விடுகிறார்கள். இந்த மாதிரி முகாமுக்குப் போனால் தையல் போட, பிரசவம் பார்க்க வாய்ப்பு கிடைக்குமாமே?

கிடைக்கும் தம்பி. சிக்கலே அதுதான்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கீழே விழுந்து புருவம் கிழிந்த ஒரு ஐந்து வயதுப் பையன். உன்னைப் போல ஒரு மாணவர் ஆசையாகக் கேட்டதால் தையல் போட விட்டார்கள். நாலு தையல். முக்கால் மணி நேரம் ஆனது. பையனை மூன்று பேர் பிடித்துக்கொண்டோம். பாதியில் கரண்ட் போனதும் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் டார்ச் பிடித்தார். அவர் பதினைந்து வருடமாக அங்கே தையல் போட்டுக்கொண்டிருப்பவர் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளிகள் ஆயிற்றே.

உன் கல்லூரியில் மேற்பார்வை இல்லாமல் செய்ய உனக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யாதே. போகவே கூடாது என்று சொல்லவில்லை. பிபி பார்ப்பது, சீட்டு எழுதுவது, எடை பார்ப்பது, மூத்தவர்கள் நோயாளியிடம் பேசுவதைக் கவனிப்பது என்று உனக்கு வேலை நிறைய இருக்கும். டார்ச்சும் பிடிக்கலாம்.

பல் மருத்துவர்: பத்து நாள் பயணத்துக்குப் பெரிய தொகை கட்டச் சொல்கிறார்கள். தன்னார்வலரிடம் பணம் வாங்குவதே ஏமாற்று வேலைதானே?

பணம் வாங்குவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. மெர்சி ஷிப்ஸ் 1978-ல் தொடங்கியது, ஆஸ்பத்திரிக் கப்பல் நடத்தும் அமைப்பு. அதில் டாக்டரானாலும் சமையல்காரரானாலும் தன்னார்வலர்கள் பயணச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1971-ல் பாரிஸில் தொடங்கியது. அங்கே நேர் எதிர். அவர்கள் உங்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பார்கள், ஆனால் பொதுவாக பல மாதங்கள் தங்கச் சொல்வார்கள். அறுவை சிகிச்சை நிபுணர்களும் மயக்க மருந்து டாக்டர்களும்தான் சில வாரங்களுக்குப் போய் வரலாம். இரண்டுமே நல்ல அமைப்புகள்தான்.

நான் வேறு மூன்று கேள்வி கேட்பேன். உங்களைக் கூப்பிட்டது யார், அந்த ஊர் ஆஸ்பத்திரியா அல்லது பயணம் விற்கும் ஆளா? அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் உங்களுக்குத் தற்காலிக அனுமதி வாங்கித் தருகிறார்களா? நீங்கள் கிளம்பிய மறுநாள் உங்கள் நோயாளியைப் பார்க்கப்போவது யார்?

ஒருமுறை என்னிடம் பதிவுச் சான்றிதழையே யாரும் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அங்கே போனபிறகுதான் உறைத்தது: என் சான்றிதழைப் பார்க்காதவர்கள் பக்கத்தில் நிற்பவருடையதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறுவை சிகிச்சை நிபுணர்: எனக்கு லீவு கிடைப்பது பத்து நாள். ஹெர்னியா (குடலிறக்க) ஆபரேஷன்கள்தான் செய்யப்போகிறேன். ஒரு நாளும் வீணாகாதபடி எப்படித் திட்டமிடுவது, சிஸ்டர்?

டாக்டர், கடைசி மூன்று நாளை வீணடியுங்கள். கத்தியையே தொடாதீர்கள். அந்த மூன்று நாளும் காயத்தைப் பார்க்க, காய்ச்சலைப் பார்க்க, ரத்தக்கட்டு இருந்தால் எடுக்க.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஒரு முகாமின் கடைசி நாள் மாலை ஒருவர் வந்தார். இரண்டு நாள் நடந்து வந்தாராம். மனசு கேட்கவில்லை, லிஸ்டில் சேர்த்தோம். ஆபரேஷன் அருமையாக முடிந்தது, மறுநாள் காலை விமானம் ஏறினோம். ஐந்தாம் நாள் காயம் சீழ் பிடித்துவிட்டது. அவர் ஊரில் ஆஸ்பத்திரி இல்லை, மறுபடி இரண்டு நாள் நடக்க முடியவில்லை. யாரோ சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர் அவரைக் காப்பாற்றினார். பிறகு எங்களுக்குப் போன் செய்து, திட்டாமல், நாங்கள் என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தோம், குடலிறக்கத்தை மூட என்ன வலை வைத்தோம் என்று மட்டும் கேட்டார். அவர் புரிந்துகொள்ளும் மொழியில் நாங்கள் ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த ஊர் மொழியில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். ஒரு பிரதி நோயாளி கையில், ஒன்று ஆஸ்பத்திரியில். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை அங்கேயும் சத்தமாகப் படியுங்கள். 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று விடாதீர்கள். எந்தப் பக்கத்து ஹெர்னியா என்பதை மொழிபெயர்ப்பாளரை வைத்து நோயாளியிடமே கேட்டு, அவர் விழித்திருக்கும்போதே குறி போடுங்கள்.

மருந்துக்கடை நடத்துபவர்: காலாவதிக்கு நாலைந்து மாதம் இருக்கும் மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. கொடுத்து அனுப்பட்டுமா?

வேண்டாம் ஐயா. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒருவருக்குக் கொடுத்து அவர் திருப்பித் தந்த மருந்தும் கூடாது. லேபிளில் மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல) அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் உபயோகமில்லாத மருந்துகள் மலைபோல் குவிந்து, அவற்றை அழிப்பதே தனி வேலையாகிவிட்டது. அங்கே என்ன தேவை என்று கேட்டு, முடிந்தால் அந்த நாட்டிலேயே வாங்கிக் கொடுக்கப் பணம் அனுப்புங்கள்.

கருவிக்கும் இதேதான். 110 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும் என்று ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் ஒரு சக்ஷன் மெஷின் எங்களுக்குக் காட்டியது. புகையோடு.

எலக்ட்ரீஷியன்: நான் மருத்துவத்துறை இல்லை. எனக்கெல்லாம் அங்கே என்ன வேலை இருக்கும்?

கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் எங்கள் ஆட்டோகிளேவின் கதவு ரப்பர் வளையம் கிழிந்து நீராவி கசிந்த அன்று நாலு டாக்டர்களும் நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம் என்றால் புரியும். கருவி கொதிக்கவில்லை என்றால் ஆபரேஷனே கிடையாது. உங்களை மாதிரி ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கணக்கு பார்ப்பவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர், நோயாளிச் சீட்டைத் தொலையாமல் வைத்திருப்பவர் எல்லாரும் தேவை.

ஆய்வக நுட்புநர்: தடுப்பூசி என்னென்ன? நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால்?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது, பயண மருத்துவரை எட்டு மாதம் முன்பே பாருங்கள். ஏன் எட்டு மாதம்? ஹெபடைட்டிஸ் பி வழக்கமாக 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் பத்தாம் நாளில் இருந்துதான் சான்றிதழ் செல்லும். முதல் நாள் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நிற்காதீர்கள். 2016 ஜூலையில் இருந்து அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நாலு வாரம் போட வேண்டும்.

ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிழியாதீர்கள், உடனே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து குழுவின் பெட்டியிலேயே இருக்கிறதா என்று கிளம்பும் முன் கண்ணால் பாருங்கள்.

ஒரு தாய்: என் மகள் நர்ஸ். தனியாகக் கிளம்புகிறாள். பயமாக இருக்கிறது.

அம்மா, தூர தேசத்து நோயைவிட நான் பயப்படுவது ரோட்டுக்கு. ராத்திரிப் பயணம் கிடையாது, சீட் பெல்ட் இல்லாத வண்டியில் ஏறுவதில்லை என்று சொல்லி அனுப்புங்கள். விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். மற்றபடி போகட்டும்.

நர்ஸிங் மாணவி: நோயாளிகளோடு படம் எடுத்துப் போடலாமா? கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

எப்போது கேட்பாய்? வரிசையில் நிற்கும்போது கேட்டால், முடியாது என்றால் சிகிச்சை கிடைக்காதோ என்று பயந்தே தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கட்டிடத்தை எடு, உன் குழுவை எடு.

பொது மருத்துவர்: எங்காவது நிலநடுக்கம் வந்தால் உடனே கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

தனியாளாக வேண்டாம். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு உதவ வந்த குழுக்களில் பல, சாப்பாடு தண்ணீருக்கே அடுத்தவரை எதிர்பார்த்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2013-ல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடும் குறைந்தபட்சத் தரமும் வெளியிட்டது. இரண்டாம் வகைக் குழு என்றால் குறைந்தது 20 படுக்கை, நாளுக்கு 7 பெரிய ஆபரேஷன் செய்யும் வசதி வேண்டும். எந்த வகையானாலும் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுபோக வேண்டும். அதே ஹைட்டியில் அக்டோபரில் வந்த காலராவைக் கொண்டுவந்தது ஐநா அமைதிப்படை முகாமின் கழிவுநீர் என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவு பெற்ற குழு ஒன்றில் இப்போதே சேர்ந்து பயிற்சி எடுங்கள்.

பெயர் சொல்லாதவர்: பத்து நாளில் என்ன மாறிவிடும்? விமான டிக்கெட் காசை அந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பினால் போதாதா?

பல நேரம் போதும். உண்மையாகவே சொல்கிறேன். போகாமலே இருந்திருக்கலாம் என்றேனே, அந்த இரண்டு பயணங்களுக்கும் பதிலாகக் காசு அனுப்பியிருந்தால் கூடுதல் பலன் கிடைத்திருக்கும்.

ஆனால் ஒரு பயணத்தில் நான் ஆபரேஷனுக்கே நிற்கவில்லை. அந்த ஊர் தியேட்டர் நர்ஸுகள் இரண்டு பேரோடு உட்கார்ந்து, வயிற்றை மூடும் முன் பஞ்சுத்துணியை எண்ணுவது, வெள்ளைப் பலகையில் எழுதுவது, எண்ணிக்கை சரியாக இல்லை என்றால் டாக்டரை நிறுத்துவது என்று பத்து நாளும் அதையே திரும்பத் திரும்பச் செய்தோம். நிறுத்துங்கள் என்று டாக்டரிடம் சொல்லத்தான் அவர்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் போனபோது ஒரு சிசேரியனில் நானே நின்றேன். அவசரம். எண்ணிக்கை சரி என்று சொல்லிவிட்டேன். பலகைப் பக்கம் நின்ற அந்தப் பெண், "இல்லை சிஸ்டர், ஒன்று குறைகிறது, நிறுத்துங்கள்" என்றார். டாக்டர் கையை எடுத்தார். எல்லாரும் தேடினோம். என் செருப்புக்கு அடியில் கிடந்தது.