பங்குக் கிணறு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அரூர் பக்கம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, டிராக்டர், ரோட்டவேட்டர், மருந்தடிக்கும் பம்பு போன்றவற்றை விவசாயிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு ஆப் தொடங்கும் முயற்சியில் இருக்கிறோம். எங்கள் ஊரில் மட்டும் பதினான்கு டிராக்டர்கள். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அவை சும்மாதான் நிற்கின்றன. நகரத்தில் சும்மா கிடக்கும் அறையையும் காரையும் வைத்து ஷேரிங் எகானமி எவ்வளவோ சாதித்துவிட்டது. கிராமங்களுக்கு இது புதிய சிந்தனை என்பதால் வரவேற்பு இருக்கும் என்று நினைக்கிறோம். அப்பாவும் ஒரு காலத்தில் டிராக்டர் வைத்திருந்தவர்தான். தவணை கட்ட முடியாமல் விற்றுவிட்டார். திட்டத்தை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இத்தகைய தொழில்களால் கிராமத்துக்கு உண்மையில் நன்மை உண்டா, அல்லது பணம் கடைசியில் நகரத்துக்குத்தான் போகுமா? நான் வேலையை விடலாமா? கிராமப் பொருளாதாரம் பற்றி என்ன படிக்க வேண்டும்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தூர் பக்கம் இருந்த கடைசி ஒன்றரை ஏக்கரை என் தாய்மாமா விற்றார். நான் சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். பத்திரம் எழுதுபவர் நகலை என்னிடம் கொடுத்து, பிழை இருந்தால் சொல்லச் சொன்னார். அதில் ஒரு வரி: ‘மேற்படி கிணற்றில் பொதுவில் 4-ல் 1 பாகமும், 5 எச்.பி. மின் மோட்டார் பம்புசெட்டில் 4-ல் 1 பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும் உட்பட.’ அந்தக் கிணற்றில் தண்ணீர் பார்த்து இருபது வருடம் இருக்கும். மோட்டாரைத் திருடிக்கொண்டு போயே பத்து வருடம் ஆகிறது. ‘இந்த வரியை எடுத்துடலாமா?’ என்று அவர் கேட்டார். மாமா, ‘எழுதினது எழுதினபடி இருக்கட்டும்’ என்றார்.

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் உங்கள் கடிதம். ‘கிராமங்களுக்கு இது புதிய சிந்தனை’ என்கிறீர்கள். தம்பி, கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் அன்றே பதில் எழுதாமல் மூன்று வாரம் தள்ளிப் போட்டேன்.

நம் பத்திரங்களை ஒருமுறையாவது எடுத்துப் படியுங்கள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் இருக்கும். கிணற்றில் பங்கு, களத்தில் பங்கு, புளியமரத்தில் பங்கு, வாய்க்காலில் நாழிகைக் கணக்கில் பங்கு. யார் எந்தப் பொருளை எந்த நேரம் எவ்வளவு அனுபவிக்கலாம் என்று முத்திரைத்தாளில் எழுதி, கைநாட்டு வைத்து, அதற்காக முன்சீப் கோர்ட்டுக்கு நடையாய் நடந்த சனங்களிடம் போய், பகிர்வைக் கற்றுத்தரப் போகிறேன் என்கிறீர்கள்.

நம்மிடம் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது, பங்காளி. பொதுச் சொத்தில் பங்கு உடையவன். அண்ணன் தம்பி வகையறா. பங்காளிச் சண்டை என்று நாம் சொல்லும்போது அது எப்படிப்பட்ட சண்டை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பங்கு என்றால் சண்டையும் கூடவே வரும் என்று தெரிந்தேதான் பங்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கிணற்றைச் சொல்லாமல் எனக்கு மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பங்கு. என் தாத்தாவுக்கு ஒன்று, அவருடைய அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று, நாலாவது பங்கை வெளியூர்க்காரர் ஒருவர் நிலத்தோடு சேர்த்து வாங்கியிருந்தார். நாலு நாளைக்கு ஒருமுறை ஒருவர் முறை. காலையில் தொடங்கி மறுநாள் காலை வரை. மோட்டார் ரூம் சுவரில் கரியால் கோடு போட்டிருக்கும். எளிமையான கணக்குதானே என்று தோன்றும். ஆனால் கரண்ட் போனால்? மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது. பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம். உங்கள் முறையன்று கரண்ட் நாலு மணி நேரம் போய்விட்டால், அந்த நாலு மணி நேரம் போனது போனதுதானா, அல்லது அடுத்தவன் முறையில் கழித்துக்கொள்ளலாமா? இதற்காக ஊர்ப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் இரண்டு நாள் உட்கார்ந்தார்களாம். முடிவு: அரை நாளுக்கு மேல் போனால் சரிபாதி கழிக்கலாம், அதற்குக் குறைந்தால் சாமி செயல். எழுதி வைக்கவில்லை. ஆனால் எட்டு வயதில் எனக்கே அது தெரியும்.

தாத்தாவும் பெரிய தாத்தாவும் ஒரு வரப்புத் தகராறில் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. எதிரே வந்தால் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். ஆனால் மோட்டார் ரூம் சாவி அந்தப் பதினோரு வருடமும் வேப்பமரத்தில் அடித்திருந்த ஆணியில் சரியாக விடியற்காலையில் வந்து தொங்கும். ஒருவர் மாட்டிவிட்டுப் போவார், மற்றவர் வந்து எடுப்பார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. வோல்டேஜ் குறைந்து மோட்டார் காயில் எரிந்துவிட்டால் நான்தான் தூது. ‘பெரிய தாத்தாகிட்ட போய், காயில் போச்சாம், உங்க பங்கு நூத்தி நாப்பதாம்னு சொல்லிட்டு வா.’ பெரிய தாத்தா வாயே திறக்காமல் மடியிலிருந்து எடுத்து எண்ணி என் கையில் வைப்பார். வைத்துவிட்டு, ‘போன தடவை கட்டின காயில் ஆறு மாசம்கூட வரலைன்னு உங்க தாத்தன்கிட்ட சொல்லு’ என்பார். நான் அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

இதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கிணற்றில் தோட்டம் இல்லாதவனுக்கு ஒரு சொட்டும் கிடையாது. பக்கத்துச் சேரிக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் மேலேயிருந்து ஊற்றுவார்கள், குடத்தைத் தொடமாட்டார்கள். பங்கு என்பது பங்குள்ளவனுக்கு மட்டும்தான். இதை மறைத்துவிட்டுப் பழைய கிராமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை.

கிணறு எப்படிச் செத்தது என்பதுதான் உங்கள் விஷயத்துக்கு வேண்டியது. ஆழ்துளை போர் போடும் ரிக் லாரி வந்தது. திருச்செங்கோட்டு லாரி. கூப்பிட்டால் வரும், அடிக்கு இவ்வளவு என்று காசு. முதலில் அந்த வெளியூர்க்காரர் போட்டார். ராத்திரி முழுக்கச் சத்தம். காலையில் பார்த்தால் வாழையிலை எல்லாம் கல்மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. அடுத்த வருடம் சின்னத் தாத்தா. அப்புறம் நாங்கள். நாலு போர் ஆனதும் யாரும் யாருக்காகவும் முறை பார்க்க வேண்டியதில்லை. வேப்பமரத்து ஆணி துருப்பிடித்தது. ஐந்தாறு வருடத்தில் கிணறும் வற்றியது, முதலில் போட்ட இரண்டு போரும் வற்றின. இன்னும் ஆழமாகப் போட மறுபடியும் அதே லாரியைத்தான் கூப்பிட்டோம்.

ஊரில் நான் பார்த்த முதல் பெரிய வாடகை இயந்திரம் அதுதான். பங்காளி முகத்தில் முழிக்காமல் தண்ணீர் எடுக்கலாம் என்கிற சுகத்தைக் கொண்டுவந்தது. நீங்கள் விற்கப்போவதும் அந்தச் சுகம்தானே? பட்டனைத் தட்டினால் டிராக்டர், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நல்லதுதான். ஆனால் அதன் பெயர் வாடகை. பகிர்வு என்று சொல்லாதீர்கள். வாடகைக்கு விடுவது கௌரவக் குறைவான தொழில் ஒன்றும் இல்லையே, அதற்கு ஏன் வேறு சட்டை மாட்டுகிறீர்கள்? பிரான்சில் 2006-ல் தொடங்கிய பிளாபிளாகார் நிறுவனத்தில், கார்க்காரர் பெட்ரோல், சுங்கச் செலவை மட்டுமே பயணிகளோடு பங்கிட்டுக்கொள்ளலாம், லாபம் வைக்கக் கூடாது. அதைப் பகிர்வு என்றால் ஒப்புக்கொள்வேன். உபேர் என்பது டாக்சி. அவ்வளவுதான்.

அடுத்தது, ‘சும்மா நிற்கின்றன’. ஊர்க்காரப் பிள்ளை இப்படி எழுதலாமா? நகரத்தில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றால், வருடம் முழுக்க யாராவது ஒருவருக்கு ஏதோ ஒரு ராத்திரிக்கு அது தேவைப்படும். மானாவாரிக் காட்டில் அப்படியா? மழை பெய்து மண் பதமாக இருப்பது நாலைந்து நாள். அந்த நாலைந்து நாளில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் உழவு வேண்டும். அப்போது உங்கள் பதினான்கு டிராக்டரில் ஒன்றாவது சும்மா நிற்குமா? ராத்திரியிலும் லைட்டைப் போட்டு ஓட்டுவார்கள். பதம் போன பிறகு பதினான்கும் நிற்கும். அப்போது அது யாருக்கும் வேண்டாம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொன்னவன், எல்லாரையும் ஒரே வாரத்தில் டிராக்டர் தேட வைத்துவிட்டுப் போய்விட்டான். எவ்வளவு நல்ல ஆப் வைத்தாலும் பதினான்கு டிராக்டர் பதினைந்தாகாது.

வழி இல்லாமல் இல்லை. வண்டி பருவத்தின் பின்னாலேயே ஊர் ஊராகப் போக வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரை போகின்றன. தை பிறந்தால் எங்கள் சேலம், ஆத்தூர் பக்கத்து நெல் அறுக்கும் வண்டிகள் டெல்டாவுக்குப் போய் இறங்குகின்றன, ஈரக் காட்டுக்குச் செயின் வண்டி, காய்ந்த காட்டுக்கு டயர் வண்டி. எந்த ஊரில் கதிர் முற்றிவிட்டது, யார் காட்டுக்கு வண்டி முதலில், யார் நம்பகமானவர் என்பதெல்லாம் உள்ளூர் புரோக்கர் வாயில் இருக்கிறது. அவர் மணிக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுத்துக்கொள்கிறார். அவரை ஒழிப்பதுதான் உங்கள் திட்டம் என்று நினைக்கிறேன். எல்லா ஆப்காரர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

நைஜீரியாவில் ஹலோ டிராக்டர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 2014-ல் ஜெஹீல் ஆலிவர் என்ற அமெரிக்கர் தொடங்கியது. முதலில் சின்ன டிராக்டர்களை விற்றுப் பார்த்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு, யாருடைய டிராக்டரிலும் மாட்டக்கூடிய ஒரு கருவிக்கு வந்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு உழுதது என்று முதலாளிக்கு அது காட்டிக்கொடுக்கும். டிரைவர் சொல்லாமல் வேறு காட்டை ஓட்டிக் காசு வாங்கினாலும் தெரிந்துவிடும். விவசாயிக்கு? அவருக்கு ஊரில் ஓர் ஏஜெண்ட். அவர் நடந்துபோய் உனக்கு அரை ஏக்கர், உனக்கு ஒரு ஏக்கர் என்று பக்கத்துப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து, ஒரு டிராக்டர் வந்துபோகும் அளவுக்கு வேலை திரட்டி, மொத்தமாகப் பதிவு செய்கிறார். அதற்குக் கமிஷன். பாருங்கள், உலகம் சுற்றி நம்ம ஊர்ப் புரோக்கரிடமே வந்து நிற்கிறது. நான் படித்தவரையில் அந்த நிறுவனம் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் காடு சராசரியாக இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் முக்கால் ஹெக்டேர்தான். அரை ஏக்கருக்காக எந்த டிராக்டரும் ஆறு கிலோமீட்டர் வராது. ‘அப்படியே நம்ம காட்டையும் ஓட்டிட்டுப் போயிடுப்பா’ என்று வரப்பில் நின்று கேட்பவருக்குத்தான் வரும். அப்படிக் கேட்கக்கூடிய ஐந்து பேரைச் சேர்த்துவைக்க உங்கள் ஆப்பால் முடியுமா? அந்த ஐந்து பேரில் ஒரு விதவைக்கும் குத்தகைக்காரருக்கும் இடம் இருக்குமா? இதை யோசியுங்கள். அரசின் உழவன் செயலி 2018-லேயே வந்துவிட்டது, வேளாண் பொறியியல் துறையில் குறைந்த வாடகைக்கு டிராக்டர் உண்டு, பெரிய டிராக்டர் கம்பெனிகளும் இந்தத் தொழிலில் இறங்கிப் பார்த்திருக்கின்றன. பதிவு செய்ய வழி இல்லாமல் யாரும் தவிக்கவில்லை.

அப்புறம் கடன். ஊர் டிராக்டர்காரர் ‘கடலையை வித்துட்டுக் கொடு’ என்பார். ஆப் சொல்லுமா?

பணம் நகரத்துக்குப் போகுமா என்றால், போகும். குறைவாகப் போகும்படி செய்யலாம். நீங்கள் இருக்கும் பெங்களூரிலேயே ‘நம்ம யாத்ரி’ என்ற ஆட்டோ ஆப் சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல், ஆட்டோக்காரரிடம் நாளுக்கு ஒரு சின்னக் கட்டணம் மட்டும் வாங்கி ஓடுகிறது. இதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது. படிக்க என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. டிராக்டர் வாங்கி, ஊர்க் காட்டை ஓட்டி, வரவேண்டிய பாக்கி வராமல், தவணை கட்ட முடியாமல் விற்ற மனிதர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். நீங்களோ எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். யார் யார் எவ்வளவு பாக்கி என்று அவருக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கும். ஆப்பைக் காட்டாதீர்கள், போனை உள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போன அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் கேளுங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். அடுத்த மழைக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, உங்கள் ஊர் டிராக்டர் ஒன்றில் டிரைவர் பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து போங்கள். சாயங்காலம் எந்தக் காட்டுக்காரர் காசு கொடுத்தார், எவர் நாளை என்றார், யார் காட்டை ஓட்டாமலே வண்டி திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தலைக்குத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், புழுதி அதிகம். திரும்பி வந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள்.