பெட்டைக் குதிரைக்கு ஆண் குரோமோசோமா?

கேள்வி: என் மாமாவின் பெட்டைக் குதிரைக்கு ஆறு வயது. இரண்டு ஆண்டுகளாகப் பொலிக்குதிரையிடம் விட்டும் சினைப்படவில்லை. ரத்தப் பரிசோதனையில் ‘ஆண் குரோமோசோம் இருக்கிறது’ என்று வந்திருக்கிறது. ரத்தக் குப்பி மாறிவிட்டது என்று மாமா சாதிக்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், கோவை.

பதில்: குப்பி மாறுவது நடக்காத காரியமல்ல. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பி இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். ஆனாலும் முடிவு சரியாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள். பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். ஒய் இருந்துவிட்டால் மட்டும் ஆணாகிவிடாது. அதில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற ஒற்றை மரபணுதான் கருவில் விரை உருவாகத் தூண்டுகிறது. தகப்பனின் விந்தணுவில் அந்தத் துண்டு மட்டும் உதிர்ந்துபோனால், ஒய் இருந்தும் குட்டி பெட்டையாகவே பிறக்கும். கருப்பையும் இருக்கும், பார்வைக்குக் குறையும் தெரியாது. கருமுட்டை உண்டாகும் சூலகம் மட்டும் வளராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு குதிரைக்கு மூன்று பருவம் ஹார்மோன் ஊசி போட்டவன் நான். மலக்குடல் வழியே கைவிட்டுத் தடவினால் கோழிமுட்டை அளவு தட்டுப்பட வேண்டிய சூலகம் மொச்சைக்கொட்டையாக இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உரிமையாளரோ அதன் தாயை ‘ராசி கெட்டது’ என்று திட்டிக்கொண்டிருந்தார். பிசகு தகப்பன் பக்கம் என்பது எங்கள் இருவருக்குமே அன்று தெரியாது.

மலட்டுப் பெட்டைகளில் இதைவிட அதிகம் காணப்படுவது ஓர் எக்ஸ் குறைந்து 63 குரோமோசோம்களோடு பிறப்பவை. அவை பெரும்பாலும் குள்ளமாக நின்றுவிடும். உங்கள் அறிக்கையில் ஒய் இருப்பதால் அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு வேடிக்கை. 2009-இல் வெளியான குதிரை மரபணு வரைபடம் ‘ட்வைலைட்’ என்ற பெட்டையினுடையது. பெட்டையிடம் ஏது ஒய்? 2018-இல்தான் ஒய்யின் விரிவான வரைபடம் வந்தது.

அறிக்கையில் எஸ்.ஆர்.ஒய். இல்லை என்று இருந்தால் ஊசிக்குச் செலவழிக்காதீர்கள். குதிரை சவாரிக்குத் தாராளமாக உதவும். இருக்கிறது என்று வந்தால் மட்டும் ஸ்கேன் எடுங்கள். வயிற்றுக்குள் விரை ஒளிந்திருக்கக்கூடும். பொலிக்குதிரைக்காரரிடம் மாமா பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டைக்குப் போயிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பாவம், அந்தக் குதிரை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.